அப்பா படத்துக்குப் பூ போட்ட கதை

கைவேலை தெரியாதவன் சும்மா இருந்தாலே வீட்டுக்கு நல்லது. இது எனக்குப் புரிய, செத்துப்போன அப்பாவின் முகம் போக வேண்டியிருந்தது.

அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு இரண்டு நாள் இருந்தது. கோச்சடை வீட்டில் அவருடைய நல்ல படம் ஒன்றே ஒன்றுதான். வாலிபத்தில் ஸ்டுடியோவில் எடுத்தது. ஓதம் ஏறி, படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. "அண்ணே, உரிச்சா மூஞ்சி கண்ணாடியோட வந்துரும். இப்பிடியே மாட்டிருங்க" என்று ஃபிரேம் கடைக்காரர் தெளிவாகச் சொன்னார். கேட்டேனா?

தங்கச்சி புருஷன் வந்து பார்த்துவிட்டு, "என்ன மச்சான், மாமா படம் மொட்டையா கிடக்கு. ஓரத்துல ஒரு பூ வேலை பாக்கக் கூடாதா?" என்றான். வந்தது ரோஷம். (அவன் பேச்சுக்கு ரோஷப்பட்டு நான் செய்த எதுவும் உருப்பட்டதில்லை.)

மொபைலில் ஒரு வீடியோ பார்த்தேன். பூ வெட்டிய ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டி, மேலே ஒரு க்ரீமைத் தடவ வேண்டும். க்ரீம் பட்ட இடத்தில் கண்ணாடி அரித்து, துடைத்தால் வெள்ளைப் பூ நிற்கும். ஆர்டர் போட்டேன், மறுநாளே க்ரீம் டப்பா வந்தது. நாலு மூலைக்கும் காணாது போலிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். (பந்தியில் ஆள் கூடினால் ரசத்துக்குச் செய்வோமே, அதே அறிவு.) நடுவை மூடி வைக்கச் சொல்லி வீடியோவில் சொன்னார்கள். பூ மூலையில்தானே, நடுவில் என்ன வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

படத்தைக் கூடத்தில் தரையில் கிடத்தி, மூலைகளில் க்ரீமை ஊற்றிவிட்டு, ஈரத்துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். திதிக்கு வாழைக்காய் வாங்கப் போயிருந்த அம்மா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள்.

"மனுஷனை மறுபடியும் தரையில படுக்க வச்சிட்டானே, பாவி."

எங்கள் வீட்டில் செத்தவர் படத்தைப் படுக்கப் போட மாட்டோம். எனக்கும் தெரியும். நான் ஓடி வருவதற்குள் அம்மா படத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டாள். மேல் மூலைகளிலிருந்து க்ரீம் ஒழுகி அப்பாவின் நெற்றி, கண், மூக்கு என்று இறங்கியது. முந்தானையால் துடைக்க வந்தவளின் கையைத் தட்டிவிட்டு நான் துடைத்தேன். முகம் இருந்த இடத்தில் வெள்ளைப் புகைதான் இருந்தது.

"மொபைல்ல ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கியாடா?"

எடுக்கவில்லை. வீடியோ பார்க்கத் தெரிந்த முண்டத்துக்குக் கேமரா ஞாபகம் வரவில்லை.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்கு வைக்கும் வரை படத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீசை தெரியுதுடா" என்றாள்.

திதிக்கு ஆதார் கார்டு படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருந்தார். "உங்களைத்தான் முறைக்கிறாரு மச்சான்" என்றான் தங்கச்சி புருஷன்.

பழைய படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அந்தப் புகைமேல் சந்தனப் பொட்டு வைக்கிறாள். நெற்றி எங்கே என்று அவளுக்குத் தெரியும். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டால் போதும், "இருடா" என்று பக்கத்தில் மாட்டியிருக்கும் தன் படத்தைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவள் சிரிக்காமல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொல்கிறாள்:

"இப்பப் பண்ணு."