ஒன்பது கிலோமீட்டர் மஞ்சள் அம்பு

கீழே வருவதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது அல்ல. யாருக்காவது சந்தேகம் இருந்தால் அம்புக்காரரையே கேட்டுக்கொள்ளலாம். இது அத்தனையும் அவர் வாயாலேயே, அதுவும் மேலதிகாரிக்கு முன்னால் நின்று சொன்னது. மேலதிகாரி முன்னால் யாராவது பொய் சொல்வார்களா?

விவகாரம் திங்கட்கிழமை காலை தொடங்கியது. அம்புக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பின்கட்டுல ஆறு பேர் நிக்கிறாங்க" என்றாள் மனைவி.

"யாரு?"

"மலையேற வந்தவங்களாம். பாதை இங்கேயே முடிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. நம்ம துணி காயற கொடியைப் போட்டோ எடுக்கறாங்க."

அம்புக்காரர் வாயில் நுரையோடு ஓடினார். பள்ளத்தாக்கின் அடியில் பஸ் நிறுத்தம்; உச்சியில் பார்வைக் கோபுரம். இரண்டுக்கும் நடுவே காடும் வயலுமாக ஒன்பது கிலோமீட்டர் நடைபாதை. வழிநெடுக மரத்திலும் பாறையிலும் மஞ்சள் அம்பு போடுவதுதான் அவர் உத்தியோகம். சரி பாதி வழியில் அவர் வீடு.

ஆறு பேருக்கும் தலைவர் போல நின்றவர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு ரிட்டயர்டு வாத்தியார்.

"தம்பி, இந்த அம்பு மேல போகச் சொல்லுது. அடுத்த மரத்து அம்பு கீழ வரச் சொல்லுது. ரெண்டுல நாங்க எது பேச்சைக் கேக்கறது?"

"அது பழைய அம்பு சார்."

"பழைய அம்பா? தொட்டா கையில ஒட்டுதே!"

அம்புக்காரருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவருக்கு முழங்கால் வலி. ஆகவே ஆபீஸ் வேனில் உச்சிக்குப் போய் இறங்கி, கீழ்நோக்கி நடந்தபடிதான் அம்பு போடுவார். ஆனால் ஜனங்கள் ஏறுவது கீழிருந்து. எனவே கால் கீழே போனாலும் கை மேலே காட்டவேண்டும். முந்தின நாள் காலையில் அது மறந்துபோய், தான் போன திசைக்கே அம்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ஞாபகம் வந்து, மீதிப் பாதியைச் சரியாகப் போட்டிருக்கிறார். மேல் பாதி அம்பெல்லாம் கீழே பார்த்தது. கீழ் பாதி அம்பெல்லாம் மேலே பார்த்தது. எல்லா அம்பும் கூடிப் பேசி வைத்ததுபோல் அவர் வீட்டுப் பின்கட்டைக் காட்டின.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை அதிகாரி தானே நடந்து பார்க்க வருகிறார். அம்பு சரியாக இருந்தால் அடுத்த வருஷமும் இவருக்கே வேலை. இல்லாவிட்டால் இரும்புப் பலகை வைத்துவிடுவார்கள். பலகை துருப்பிடிக்குமே தவிர, முழங்கால் வலி என்று லீவு கேட்காது.

அன்றைக்கே மறுபடி உச்சிக்குப் போனார். அம்பை அழிக்க நேரமில்லை. மறு நுனியிலும் ஒரு தலை போட்டுவிட்டால் மேலேயும் காட்டுமே என்று, மேல் பாதி முழுக்க ஒவ்வொரு அம்புக்கும் இரண்டு தலையாக்கினார்.

செவ்வாய்க்கிழமை மேலே ஏறியவர்கள் இரட்டைத் தலை அம்பைப் பார்த்தார்கள். கொஞ்ச தூரம் போனார்கள். அம்பு சொன்னதே என்று மரியாதையாகத் திரும்பி வந்தார்கள். மறுபடி போனார்கள். சாயங்காலம் பின்கட்டில் இருபத்து மூன்று பேர்.

"எல்லாருக்கும் தண்ணி குடுத்தாச்சு. நாலு பேர் நம்ம கட்டில்ல படுத்திருக்காங்க. ஒருத்தர் சாப்பாடு எத்தனை மணிக்குன்னு கேக்கறார்" என்றாள் மனைவி.

"நீ என்ன சொன்னே?"

"ஊரையே வீட்டுக்குக் கூப்பிட்டவர் வருவார், அவரையே கேளுங்கன்னு சொன்னேன்."

புதன்கிழமை மச்சினன் வந்து சேர்ந்தான். கேட்காமலே யோசனை சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"இதுக்குப் போய் முழிக்கிறீங்களே மாமா! கீழ பாக்கற தலை மேலெல்லாம் சிவப்புல ஒரு பெருக்கல் குறி போடுங்க. தப்புன்னு சின்னக் குழந்தைக்கும் புரியும்."

போட்டார். சின்னக் குழந்தைக்குப் புரிந்திருக்கலாம். வந்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள். காட்டுக்குள் சிவப்புக் குறி என்றால் சிறுத்தைதான் என்று ஒருவர் சொன்னார். பார்த்ததாகவே இன்னொருவர் சொன்னார். அதன் வால் நீளம் எவ்வளவு என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். துணைக்கு ஆள் வராமல் ஓர் அடி நகரமாட்டோம் என்று பதினோரு பேர் சமையலறையில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்புக்காரர் தடியை எடுத்துக்கொண்டு நான்கு தடவை உச்சிக்குப் போய்வந்தார். நான்காம் தடவை இறங்கும்போது அவர் முழங்கால் போட்ட சத்தத்தில், பின்னால் வந்தவர்கள் சிறுத்தை உறுமுகிறது என்று ஓடினார்கள்.

"போதும்டா உன் யோசனை" என்றார் மச்சினனிடம்.

"யோசனை நல்லதுதான் மாமா. பெருக்கலைக் கொஞ்சம் கோபமா போட்டுட்டீங்க."

வியாழக்கிழமை அம்புக்காரரே மூளையைக் கசக்கினார். பாதையை வீட்டிலிருந்து திருப்பிவிட்டால் தீர்ந்தது. பின்கட்டு மூலையில் இடது பக்கம் காட்டி ஓர் அம்பு. அடுத்த மூலையில் இன்னொன்று. முன்வாசல் மூலையில் ஒன்று. நாலாவது மூலையில் ரோட்டைக் காட்டிப் போட நினைத்தவர், கை பழகிய வாக்கில் அங்கும் இடது பக்கமே போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்து பார்த்தால், வெள்ளைத் தொப்பி வாத்தியார் வியர்க்க விறுவிறுக்க ஜன்னலைத் தாண்டிப் போனார். பல் தேய்த்து முடிப்பதற்குள் மூன்று தடவை போனார்.

"சார், எத்தனை நேரமா நடக்கறீங்க?"

"ரெண்டு மணி நேரமாச்சு தம்பி. அருமையான பாதை, ஏத்தமே இல்லை. ஒரே ஒரு குறை. வழியில வீடெல்லாம் ஒரே மாதிரி கட்டியிருக்காங்க."

"அப்படியா சார்?"

"ஆமா. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு அம்மா பாத்திரம் தேய்க்கிறாங்க. எல்லா அம்மாவும் ஒரே மாதிரி முறைக்கிறாங்க."

மனைவி பாத்திரத்தை டொம்மென்று வைத்தாள்.

"நாளைக்கு உங்க அதிகாரியும் இப்படித்தான் நம்ம வீட்டைச் சுத்துவாரு. சுத்தி முடிச்சுட்டு வேலையைப் புடுங்கிட்டுப் போவாரு. அப்புறம் நாம ரெண்டு பேரும் எந்த அம்பைப் பாத்துப் போறது?"

இந்தக் கேள்வி அம்புக்காரரை உலுக்கிவிட்டது. மரப்பட்டை நிறத்தில் பெயின்ட் கலக்கினார். பாறைக்குச் சாம்பல் நிறம் தனியாகக் கலக்கினார். உச்சியிலிருந்து தொடங்கி இருநூற்றுப் பன்னிரண்டு அம்பையும் ஒன்று விடாமல் பூசி மறைத்தார். பாசி படிந்த பாறையில் பாசி நிறம்கூடப் பூசினார். பொழுது சாயும்போது பள்ளத்தாக்கு, தூரிகையே படாத இடம்போல் சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். பஸ் நிறுத்தத்தில் இறங்கி நடந்தார். ஓர் அம்பும் கிடையாது. இரண்டு முறை வழி தவறி, ஒரு சோளக்காட்டில் புகுந்து, ஓடையில் ஒரு செருப்பை விட்டுவிட்டு, மத்தியானம் ஆபீஸ் வந்து சேர்ந்தார். அம்புக்காரரைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது? ஒன்பது கிலோமீட்டர்ல ஒரு அம்பு கூட இல்ல! ஒரு மாசமா என்னதான் பண்ணிக்கிட்டிருந்தே?"

அம்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, திங்கட்கிழமை பல் தேய்த்ததிலிருந்து ஆரம்பித்தார். இரட்டைத் தலை, சிறுத்தை, வாத்தியார், ஒரே மாதிரி முறைத்த அம்மாக்கள், பாசி நிறம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

அதிகாரி முதலில் முறைத்தார். சிறுத்தை வந்தபோது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வாத்தியார் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி கேட்ட கேள்வியில் கண்ணை இரண்டாம் முறை துடைத்தது சிரிப்பால் அல்ல.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "செஞ்ச தப்பை இப்படி ஒளிக்காம ஒத்துக்கிட்ட ஆளை நான் பாத்ததே இல்லய்யா. பலகையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அடுத்த வருஷமும் நீதான்."

பேனாவைத் திறந்து, அடுத்த வருஷ உத்தரவில் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

அப்போது ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் அம்மாள் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"அண்ணே, போன மாசம் உங்க பேர்ல வந்த பெயின்டும் பிரஷும் இன்னும் கட்டுப் பிரிக்காம என் ரூம்லயே கிடக்கு. எப்பத்தான் எடுத்துக்கிட்டுப் போகப்போறீங்க?"