குசினி ஃபைவைக் கலைக்கப்போன கதை

கிரவீன், சிட்னி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி யேசுராசாவுக்கு,

ஆண்டவர் அருளால் என் இரத்த அழுத்தத்தைத் தவிர இங்கு யாவும் ஒழுங்காக உள்ளன. உன் வீட்டிலும் அவ்வாறே என நம்புகிறேன். இல்லையென்றாலும் நீ சொல்லப்போவதில்லை.

உன் மகள் நிஷானி மருந்தாளர் படிப்பை மூன்றாம் ஆண்டில் கைவிட்டு ஆட்டப்பாட்டுக் குழு அமைத்ததும், எட்டு மாதமாக நீ அவளோடு பேசாதிருப்பதும், குழு சிட்னி வரும்போது நான் அதைக் கலைத்து அவளைப் படிப்புக்குத் திருப்பவேண்டுமென்று நீ கட்டளையிட்டதும் நான் மறந்தவையல்ல. ஆனால் அக்குழு எங்கே உருவானதென்று விசாரித்தாயா? லண்டனில், உன் குசினியில், அடுப்புக்கு முன்னால், நீ வேலைக்குப் போன நேரங்களில், உன் சோற்றுப் பானையில் தாளம் தட்டி! ஆகவேதான் பெயர் ‘குசினி ஃபைவ்’. எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். ட்ரம்பெட் ஊதும் இருவர் பிறகு சேர்ந்தார்களாம். அதற்குள் சுவரொட்டி அச்சாகிவிட்டதாம். முதலில் ஒரு கலியாண வீடு, பிறகு ஒரு மதுக்கடையின் மூலை, பிறகு வானொலி, பிறகு பதினோராயிரம் பேர் சேற்றில் நின்று ஆடிய கோடை விழா. ஆங்கிலேயர் சேற்றில் நிற்கக் காரணம் தேவையில்லை என்பது வேறு விடயம்.

குழு சிட்னி வந்திறங்கியதும், “என்ன பாட்டு பிள்ளை இது?” என்று நிஷானியிடம் கேட்டேன்.

“சோல் மியூசிக், மாமி. ஆனா ஆடலாம்.”

“இருந்து கேக்க ஏலாதோ?”

“ட்ரை பண்ணிப் பாருங்கோ.”

அறிவுரை பலிக்காது என்று கண்டு சூழ்ச்சியில் இறங்கினேன். ஹோம்புஷ் மண்டபத்தில் எங்கள் மூத்தோர் சங்கத்தின் ஆண்டு விழா. நம்மவர் விழாக்களில் சாப்பாடு ஏன் கடைசியில் வருகிறதென்று உனக்குத் தெரியும். முதலில் கொடுத்தால் கதிரைகள் மட்டுமே மிஞ்சும். ஆகவே குழுவை மேடைக்கு அழைத்து, சாப்பாட்டை முதலில் கொடுக்கச் செய்தேன். வெற்றுக் கதிரைகளுக்குப் பாடிய குழு ஒரு வாரம் தாங்காது அல்லவா? சங்கத் தலைவி அன்னமலர் பதறிப்போனார். “அக்கா, விசரே உங்களுக்கு? சனம் திண்டுட்டுப் போயிடும்!”

“போகட்டும்,” என்றேன்.

ஒருவரும் போகவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பசியோடு கலையை ரசித்த கூட்டம் முதன்முறையாக வயிறு நிறைந்து அமர்ந்திருந்தது. ட்ரம்பெட் ஊதியதும் எழுந்துவிட்டது. புரியாணி சமைத்த ஜலால்தீன் அகப்பையோடு ஆடியபடி வந்தார். முழங்கால் மாற்று அறுவை முடிந்து மூன்று மாதமேயான அன்னமலர், “பிடியுங்கோ அக்கா, இப்ப வாறன்,” என்று கைத்தடியை என்னிடம் தந்துவிட்டுப் போனவர், ஒரு மணி நேரம் வரவில்லை. இறுதியில் அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டு. முழுதும் ஆங்கிலம், நடுவில் ஒரேயொரு தமிழ் வரி: “என்ர வாசலை மிதியாதை!” நீ அவளிடம் தொலைபேசியில் கடைசியாகச் சொன்ன வாக்கியம், தம்பி. இருநூறு முதியவர்கள் கைதட்டி, இடுப்பசைத்து, “மிதியாதை, மிதியாதை” என்று உன் கோபத்தைப் பாடினார்கள்! மேடையில் சிரித்துக்கொண்டு பாடிய உன் மகள், இறங்கி வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்:

“அப்பா இதைக் கேட்டவரோ, மாமி?”

அதற்குப் பதில் சொல்வது உன் வேலை.

ஆகவே, குழுவைக் கலைக்க இயலாது. ஆயினும் அது இரைச்சல் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இனி அதனோடு எனக்கு எத்தொடர்பும் இல்லை. வீம்பை விட்டு அவளோடு பேசு.

மாதா உனக்குப் பொறுமையை அருள்வாராக. உன் மனைவிக்கு அது ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

இங்ஙனம்,
அக்கா எமரென்சியா

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க மறந்து மெல்பேர்ன்வரை கொண்டுவந்துவிட்டேன். நிஷானி என் அறையில்தான் தங்கியிருக்கிறாள். இது கிடைத்ததும் அவளை அழை, ஆனால் எங்கள் நேரம் மூன்று மணிக்குப் பிறகு. அதுவரை தினமும் எங்களுக்கு ஒத்திகை. இரண்டாம் பாட்டில் நான் தட்டும் டாம்பரின் இன்னும் அரைத் தாளம் பிந்துகிறது.