விசிறி கேட்டோம், தத்துவம் வந்தது

மேற்கு சிட்னியில் கிரேக்கத் தத்துவம் படித்தவர்கள் பலர் இருக்கலாம். படிப்பித்தவர்களும் இருக்கலாம். ஆனால் அதை அப்படியே நம்பி ஒரு பானைச் சோற்றைக் கருகவிட்ட ஒரே மனிதர் எங்கள் ஸ்டொக்கர்தான்.

செவன் ஹில்ஸில் ஒரு பண்டகசாலையில் அவரும் நானும் வேலை செய்தோம். தகரக் கூரை. கோடை வந்தால் உள்ளே நிற்கிறவன் அப்பளம்போல ஓரம் சுருண்டுவிடுவான். விசிறி வேண்டுமென்று கோடைக்குக் கோடை கேட்டோம். கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு அறைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ‘ஸ்டோயிக்’ வகுப்பு, எல்லோரும் வரவேண்டும்.

எங்களில் ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர் என்று பெயரெடுத்தவர் அவர். கண்ணாடியை மூக்கில் ஏற்றி வாசித்துவிட்டுச் சொன்னார்:

“ஸ்டொக் கணக்கெடுக்கிற வகுப்பாம். வெள்ளைக்காரனே ஸ்பெலிங் பிழை விட்டிருக்கிறான், பாருங்கோ.”

ஆகவே நாங்கள் எல்லோரும் கல்குலேட்டரோடு போய் உட்கார்ந்தோம். அன்றைக்கு விழுந்த பெயர்தான் ஸ்டொக்கர். சொந்தப் பெயர் சம்பளப் பகுதிக்கு மட்டும் தெரியும்.

வகுப்பெடுக்க வந்தது இறுக்கமான காற்சட்டை போட்ட ஒரு பொடியன். நடப்பது எதுவும் நம் கையில் இல்லை, அதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் என்றான். ஏதென்ஸில் ஒரு தூண் மண்டபத்தில் தொடங்கிய பேச்சாம். பிறகு ஒரு அடிமை அதைப் படிப்பித்தானாம். ரோமச் சக்கரவர்த்தி ஒருவர் கடைப்பிடித்தாராம். இன்றைக்கு மனநல வைத்தியர்களும் கால்பந்துக் கோச்மாரும் அதைத்தான் சொல்கிறார்களாம். அப்படிக் கைமாறிக் கைமாறிக் கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது, விசிறிக்குப் பதிலாக.

ஸ்டொக்கர் கையை உயர்த்தினார். தன் உடைந்த ஆங்கிலத்தில், “அந்த அடிமையைப் பிறகு விட்டவையோ?” என்று கேட்டார்.

“ஓம், விடுதலை செய்தார்கள்” என்றான் பொடியன்.

“எத்தினை வருசத்தால?”

பொடியன் திரையில் அடுத்த படத்தைப் போட்டான்.

நாங்கள் வெளியே வந்ததும் எல்லாவற்றையும் மறந்தோம். ஸ்டொக்கர் மறக்கவில்லை. உலகத்தை இரண்டாகப் பிரித்தார்: கையில இருக்கிறது, கையில இல்லாதது. ரயில் பிந்தினால் கையில இல்லாதது. குளிர்பெட்டியில் வைத்த அவருடைய நண்டுக்கறியை யாரோ தின்றுவிட்டால் அதுவும் கையில இல்லாதது. “பசி மட்டும்தான் என்ர கையில” என்று வெறும் பாண் துண்டைச் சாப்பிட்டார். களவெடுத்தவன் வெட்கத்தில் மிஞ்சிய நண்டுக் கோதையும் அவர் முன்னால் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான்.

நாங்கள் நாலு பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு ஞாயிறு குசினிக்குள் புகை. ஸ்டொக்கர் அடுப்புக்கு முன்னால் கதிரை போட்டு அமைதியாக இருந்தார்.

“அண்ணை, சோறு அடிப்பிடிக்குது!” என்று எங்களோடிருந்த சுதன் கத்தினான்.

“நெருப்பு எங்கட கையில இல்லையடா.”

“அடுப்புத் திருகி உங்கட முழங்கைக்குப் பக்கத்திலதானே இருக்கு!”

“அட, ஓம்” என்றார். அதற்குள் பானையின் அடி போய்விட்டது.

வேலையிலும் இதே கூத்து. பெட்டிகளை இன்னும் வேகமாக ஏற்றச் சொல்லி சுப்பவைசர் முகத்துக்கு நேரே கத்துவான். ஸ்டொக்கர் அழகான மழையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஷிஃப்டை வெட்டுவேன் என்பான் அவன். “ஷிஃப்ட் உன்ர கையில, முகம் என்ர கையில” என்று சிரிப்பார். பணிய வைக்கத்தான் அந்தப் படிப்பைக் கொண்டுவந்தார்கள். இவர் படித்துப் பயத்தை விட்டுவிட்டார். ஆனால் முறைப்பாடும் சொல்வதில்லை என்பதால் நிர்வாகம் அவரை முன்மாதிரி என்று புகழ்ந்தது. கூரை மட்டும் அப்படியே கொதித்தது.

அந்தக் கிரேக்கர்களில் எனக்குக் கோபமில்லை. அவர்கள் தங்கள் புண்ணுக்குத் தாங்களே மருந்து தேடினார்கள். அதை எடுத்து எங்கள் வாய்க்குப் பூட்டாகப் போட்டவர்கள் வேறு ஆட்கள்.

பிறகு ஸ்டொக்கரின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது.

மகள் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போன வயதில் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர் ஸ்டொக்கர். அன்றிலிருந்து தற்காலிக விசா. ஊருக்குப் போகவே முடியாது. வேறு நாட்டுக்குப் போவதென்றாலும், திரும்பி வர அனுமதி எடுக்க வேண்டும். அவர் வந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே வவுனியாவில் செய்யவேண்டிய கலியாணத்தைத் திருச்சியில் வைத்தார்கள். மனைவி தொலைபேசியில் கறாராகச் சொன்னார்:

“பிள்ளையின்ர கையை நீங்கள்தான் பிடிச்சுக் குடுக்கோணும். உங்கட கிரேக்கனிட்டயும் சொல்லி வையுங்கோ.”

அனுமதிக்கு விண்ணப்பித்தார். வேட்டியும் வாங்கினார். அதன்பிறகு அவருடைய அமைதி போய்விட்டது. ஃபோனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். பதில் வரவில்லை. இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம், அதுவும் வரவில்லை. சுதன் பழைய பகிடியை எடுத்துவிட்டான்:

“என்ன அண்ணை, இது கையில இருக்கிறதோ, இல்லாததோ?”

ஸ்டொக்கருக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். “இதுவும் கையில இல்லையெண்டால், பிறகு என்ன கோதாரிக்கடா எனக்குக் கை?”

கலியாண நாளில் வேலைக்கு வந்தார். வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்க்கவேண்டும் என்றார். அன்றைக்கென்று அதே பொடியன் இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தான். பின்னேரம் எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடினோம். திருச்சியில் அப்போது காலை முகூர்த்தம். பொடியன் ஸ்டொக்கரை முன்னுக்குக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, “உங்கள் அமைதியின் இரகசியத்தை இவர்களுக்குச் சொல்லுங்கள்” என்றான்.

“ஒரு நிமிசம், பிளீஸ்” என்றார் ஸ்டொக்கர். ஃபோனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து மேசையில் வைத்தார்.

திரையில் மகள் தலைகுனிந்து இருந்தாள். தகப்பன் இருக்கவேண்டிய இடத்தில் தாய்மாமன் இருந்தார். அவர் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். தாய் தாரை வார்க்கச் செம்பைத் தூக்கினார். இங்கே ஸ்டொக்கர் தன் வலது கையை ஃபோனுக்கு முன்னால் விரித்து நீட்டினார். வெறும் கை.

நான் நாலு பேருக்கு முன்னால் எழும்பி நிற்கிற ஆள் இல்லை. எப்படிப் போனேன் என்று தெரியாது. மேசையில் கிடந்த வேறொரு போத்தலைத் திறந்து அந்தக் கையில் தண்ணீரை வார்த்தேன்.

தண்ணீர் பொடியனின் சப்பாத்திலும் விழுந்தது. “அற்புதம், இதுதான் ஏற்றுக்கொள்ளுதல்” என்று அவன் கைதட்டினான். வேறு யாரும் தட்டவில்லை. சுப்பவைசர் ஓடிவந்து, வழுக்கும் என்று எழுதிய மஞ்சள் பலகையை ஸ்டொக்கரின் காலடியில் வைத்துவிட்டு, வேலைக்குத் திரும்பச் சொன்னான்.

ஸ்டொக்கர் கையைத் துடைக்கவில்லை, மடக்கவுமில்லை. அந்தக் கை காயும்வரை நாங்கள் ஒருவரும் அவரை விட்டு அசையவில்லை.