அலையாரும் அணைந்துபோன கம்ப்யூட்டரும்

நான்காவது மாடி வராந்தாவில் வரிசை லிஃப்ட் வாசல் வரைக்கும் நின்றது. ஒருவர் கையில் கீபோர்டு. இன்னொருவர் பிரின்டரைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர் வீட்டு இஸ்திரிப் பெட்டியையே தூக்கி வந்துவிட்டார். வந்ததுதான் வந்தோம், அதற்கும் பார்த்துவிடலாமே.

எல்லோரும் அலையாருக்காகக் காத்திருந்தார்கள்.

அலையார் வெள்ளைக் கோட்டுதான் போடுவார். மந்திரவாதி என்று யாராவது சொன்னால் மனம் நொந்துபோவார். பேய் என்றால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். அலை என்றால் நாற்காலி போடுகிறார்கள். இதைக் கண்டுகொண்டதுதான் அவருடைய மொத்த விஞ்ஞானமும். நூலில் கட்டிய பித்தளைக் குண்டு ஒன்றை மெஷினுக்கு மேலே பிடிப்பார். குண்டு சுற்றினால் அங்கே கெட்ட அலை. சுற்றாமல் நின்றதாக இதுவரை தகவல் இல்லை.

அந்த மாடியில் இருந்த கட்டட வரைபட ஆபீசில் அவருக்கு நிரந்தர வாடிக்கை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று அணைந்துவிடும். அதில் வேலை பார்த்தவள் ஒரு வரைவாளர். கட்டி முடிக்காத கட்டடத்துக்கு வெயிலும் நிழலும் பூசி, கட்டி முடித்த மாதிரி படமாக்கித் தருவது அவள் வேலை. அதற்கு 'ரெண்டர் போடுவது' என்று பெயர். ரெண்டர் போட்டால் மெஷின் மூச்சு வாங்கும். பாதி ஆஸ்பத்திரி வரைந்திருக்கும்போது திரை இருண்டுவிடும். சேமிக்காத மீதியெல்லாம் போயே போச்சு.

அலையார் வந்த முதல் நாள் மெஷினை அணைக்கச் சொன்னார். "எல்லாரும் வெளியே போங்க. இது மௌனத்துல இருக்கணும்." மதியம் வரை அறைக்குள் அவரும் மெஷினும் மட்டும். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் ஒரு செப்புத் தகட்டை ஒட்டினார். ஒட்டிய இடம் காற்றுத் துளைகளுக்கு நேர் மேலே. மெஷினைப் போட்டதும் சமர்த்தாக ஓடியது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் அவள் ரெண்டர் போட்டாள். மறுபடியும் இருட்டு.

"வேற யாராவது இதைத் தொட்டா அணையுதா?" என்று கேட்டார் அலையார்.

"நான் லெட்டர் அடிப்பேன் ஐயா. ஒரு தொந்தரவும் பண்ணாது" என்றார் கணக்கர்.

அலையார் குண்டை அவள் கைக்கு மேலே பிடித்தார். குண்டு ராட்டினமாகச் சுற்றியது. அலையார் பெருமூச்சு விட்டார். நல்ல பெருமூச்சு, பழகிய பெருமூச்சு.

"அம்மா மேல தப்பில்லை. கை அமைப்பு அப்படி" என்றார்.

அன்றிலிருந்து ஆபீசில் அவள் கைக்குத் தனி மரியாதை. ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போனால் யாராவது ஓடிவந்து, "நீங்க இருங்க மேடம், நான் எடுத்துத் தர்றேன்" என்பார்கள். செய்தி வீடு வரைக்கும் போனது. "வாஷிங் மெஷினை இனிமே நானே போடுறேன்" என்றான் கணவன். அதில் மட்டும் அவளுக்கு லாபம். ஆனால் இரவு சாப்பிட உட்கார்ந்தபோது தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஊரே சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

முதலாளி கூப்பிட்டார். "ஆஸ்பத்திரிக்காரங்க திங்கக்கிழமை வர்றாங்க. அந்த வேலையை வெளியே குடுத்துடலாம்னு பாக்குறேன். நீ கொஞ்ச நாள் வரவேற்புல உட்காரும்மா. அங்க மெஷின் இல்ல."

"சார், ஒரு தடவை ரெண்டர் பட்டனைக் கணக்கரை அமுக்கச் சொல்லுங்க. நான் கீழ தெருவுல நிக்குறேன்."

கணக்கர் அமுக்கினார். அவள் தெருவில் நின்றாள். மெஷின் அணைந்தது. அலையாரிடம் கேட்டார்கள். "அவங்க உட்கார்ந்த நாற்காலியாச்சே. அலை படிஞ்சிருக்கும்" என்றார். எந்தப் பக்கம் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத சாஸ்திரம் அது.

அவளுக்கு அந்த நிமிடம் சந்தேகம் விட்டுப்போனது. நேராக மெஷினிடம் போய் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. மறுபடி அதைப் போட்டுப் பின்பக்கம் காதை வைத்தாள். உள்ளே ஃபேன் முனகிக்கொண்டிருந்தது, சுற்றவில்லை. வீடு வரைகிறவளுக்கு ஜன்னல் அடைத்த அறை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடனே திறந்து சரி பண்ணியிருப்பாள். பண்ணியிருந்தால் புகழ் தகட்டுக்குப் போயிருக்கும்.

அதனால் அலையாரிடம் பணிவாகக் கேட்டாள். "ஐயா, துணி போட்டு மூடியிருந்தாலும் குண்டு கண்டுபிடிக்குமா?"

"சுவர் இருந்தாலே கண்டுபிடிக்கும்மா."

"அப்போ வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் பாத்துடலாமா? எனக்கும் மனசு தெளியும்."

அலையாருக்குக் கூட்டம் என்றால் கசக்குமா? ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நான்கு மாடியும் அங்கே கூடியது. மேஜை மேல் திரைத்துணி போர்த்திய இரண்டு பெட்டிகள். இடது பெட்டி மேல் அவள் கை வைத்து நின்றிருந்தாள். அலையார் கண்ணை மூடினார், முழுவதும் மூடவில்லை. வலது பெட்டி மேல் குண்டு முதல்முறையாக அசையாமல் நின்றது. "அப்பழுக்கில்லாத மெஷின்" என்றார். இடது பெட்டிக்கு வந்தார். குண்டு சுற்றிய வேகத்தில் முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"இதுதான் அந்த மெஷின். உள்ள இருக்கிற ஒவ்வொரு கம்பியிலும் அலை ஏறியிருக்கு" என்றார் அலையார்.

அவள் துணியை எடுத்தாள். பழைய வெறும் தகரப் பெட்டி. கம்பி இல்லை. உள்ளே கணக்கர் போன மழைக்குத் தொலைத்த குடை இருந்தது.

"குடைக்கும் அலை உண்டா ஐயா?" என்றாள்.

அலையார் நூலைக் குண்டின் மேல் சுற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டார்.

வலது பெட்டியின் துணியை எடுத்து, அந்த 'அப்பழுக்கில்லாத' மெஷினின் பக்கமூடியைக் கழற்றினாள். அழுக்கு கம்பளி கம்பளியாக வந்தது. ஃபேன் இறக்கைகள் தூசியில் சிக்கி நின்றிருந்தன. சூடு கடத்தும் பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. இருந்த கொஞ்சக் காற்று வழியையும் அலையாரின் தகடு அடைத்திருந்தது.

"சூடானா தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுடும். அவ்வளவுதான். அன்னைக்கு மௌனத்துல வச்சப்ப ஆறுச்சு, அதான் ஓடுச்சு. லெட்டர் அடிச்சா சூடாகாது, அதான் கணக்கருக்கு அணையலை."

பிரஷ்ஷால் துடைத்தாள். கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லியிருந்தபடி புதுப் பசை வைத்தாள். தகட்டைப் பிய்த்தெடுத்து அலையாரைத் தேடினாள். லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் அவர் படியிறங்கிப் போயிருந்தார். அவள் தன் கையாலேயே ரெண்டர் பட்டனை அமுக்கினாள். ஆஸ்பத்திரி சுவர் சுவராக எழுந்து, ஜன்னல்களில் வெயில் விழுந்து, முழுசாக வந்து நின்றது. மெஷின் அணையவில்லை. முதலாளி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வரவேற்புல வேற ஆளைப் போட்டுக்கலாம்மா" என்றார் மெதுவாக. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் அகராதியில் அந்த மாதிரிதான் அச்சாகியிருந்தது.

விவேகம் பிறந்துவிட்டது என்று நினைத்துக் கதையை முடிக்கலாம். ஆனால் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகத்தில் பக்தி.

"மேடம், ராசியான கை உங்களுக்கு. எங்க மெஷினையும் ஒரு தடவை தொட்டுட்டுப் போங்களேன்."

அவருக்குப் பின்னால் பிரின்டர்காரர். அவருக்குப் பின்னால் இன்னொரு வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.

அவள் ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் வைத்தாள்.

"மெஷின் மூடியை நீங்களே திறங்க. அது சுலபம். உங்க தோளுக்கு மேல ஒண்ணு மூடியே கிடக்கே, அதையும் நீங்கதான் திறக்கணும். அதுக்கு ஸ்க்ரூ டிரைவர் கிடையாது."