எட்டு மூலைக் கண்ணாடி

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. அரை டிகிரியில் ஒரு மனிதரின் மானம் ஊசலாடிய கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீங்க, கதைக்கு அதுதான் கூலி.

அந்த மனிதர் ஒரு அலுவலகக் கணக்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி எட்டு மரத் துண்டுகள், எல்லாம் கரையான் தின்றவை. நடுவில் ஒரு எட்டு மூலைக் கண்ணாடி, அதில் அவருடைய முகம். சட்டத்தில் ஒரு இணைப்பு லேசாக ஆடுகிறது, சரி செய்துவிடலாம் என்றுதான் கழற்றினார். மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

"ஏங்க! அது அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த கண்ணாடி! தன் கையாலயே சட்டம் அடிச்சது!" என்று மனைவி ஓடி வந்தாள்.

"புதுச் சட்டம் செஞ்சுட்டா போச்சு."

"சாயந்திரம் அப்பா வர்றார்."

"வரட்டுமே. மாமா வந்து பார்த்துட்டு, 'மாப்பிள்ளை, இது நான் செஞ்சதா, நீங்க செஞ்சதா'ன்னு கேட்கணும்."

கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் குழாய் ஒழுகினால் "அப்பாவா இருந்தா", கதவு கிறீச்சிட்டால் "அப்பாவா இருந்தா". கேட்டுக் கேட்டு அவர் காது புளித்துப் போயிருந்தது. இன்றைக்கு ஒரு நாள் ஜெயித்துவிட்டால் அந்தப் பாட்டு நின்றுவிடும். அலுவலகத்தில் அவருக்குத் 'துல்லியம்' என்றே பட்டப்பெயர். ஒரு கட்டைக்கா பயப்படுவார்?

பழைய சட்டத்தின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தது: எட்டுத் துண்டு, இரண்டு முனையும் சாய்வு, 22 டிகிரி 30 நிமிடம்.

"பார்த்தீங்களா, அப்பா எவ்வளவு நுணுக்கம்!" என்றாள் மனைவி.

எதிர்வீட்டுத் தச்சரிடம் அறுக்கும் இயந்திரத்தையும் புது மரத்தையும் வாங்கி வந்தார். இயந்திரத்தில் சின்னத் திரை, அதில் டிகிரி புள்ளி வைத்துத் தெரியும். வாழ்நாளெல்லாம் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போட்டே பழகிய கை, யோசிக்காமல் 22.30 என்று வைத்தது. எட்டுத் துண்டையும் அறுத்துத் தரையில் அடுக்கினார். ஏழு இணைப்பு ஒட்டி நின்றது. எட்டாவது இடத்தில் ஒரு விரல் நுழையும் சந்து.

"காத்து போறதுக்கா?" என்றாள் மனைவி.

"இரு. நிமிஷம்னா நூத்துக்கு இல்ல, அறுபதுக்கு. அங்கதான் சறுக்கிட்டேன்." தாளில் கிறுக்கினார். "முப்பதை அறுபதால பெருக்கி நூறால வகுத்தா பதினெட்டு. ஆக, இருபத்திரெண்டு புள்ளி பதினெட்டு. கணக்குன்னா இது!"

தலைகீழாகப் போட்டுவிட்டார், பாவம். நம்பிக்கை மட்டும் நேராக இருந்தது. மறுபடி முனைகளைச் சீவினார். இப்போது சந்தில் இரண்டு விரல் நுழைந்தது.

மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஏங்க, முப்பது நிமிஷம்னா எவ்வளவு நேரம்?"

"அரை மணி. இது தெரியாதா?"

"அப்ப இருபத்திரெண்டு டிகிரி முப்பது நிமிஷம்னா?"

கணக்கர் கணக்குப் போட்ட தாளைக் கசக்கினார். "இருபத்திரெண்டரை. புள்ளி அஞ்சு. அதைத்தான் சொல்ல வந்தேன், நீ முந்திக்கிட்டே."

22.5 வைத்துச் சீவினார். அடடா! எட்டுத் துண்டும் கைகோத்த மாதிரி சேர்ந்தன, மயிரிழைகூட நுழையாது. பசை தடவி, ஆணி அடித்து, ஜெயித்த முகத்தோடு கண்ணாடியை எடுத்து வைத்தார்.

உள்ளே இறங்கவில்லை.

மறுபடி மறுபடி சீவினால் கட்டை குட்டையாகாமல் வளரவா செய்யும்? சட்டம் ஒரு நகக்கண் அளவு சிறுத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் அடித்தது. "அப்பாதான். பஸ்ல இருக்கார். நீங்க சட்டம் செய்யறதைச் சொன்னேன்... என்னப்பா?... ஏங்க, சுத்தியலை மட்டும் கையில எடுக்க வேண்டாமாம்."

"ஏனாம்?"

"ஏன்ப்பா?... சும்மாதான் சொன்னாராம்."

சும்மா சொன்னால் யார் கேட்பார்கள்? அதுவும் மாமனார்! "எட்டிக்காயைக் கடிச்ச மாதிரி முகத்தை வெச்சுக்காதே. லேசா ஒரு தட்டு, தானா உட்கார்ந்துடும்" என்று சுத்தியலில் துணியைச் சுற்றி ஒரு மூலையில் தட்டினார்.

டிக்.

சத்தம் சின்னதுதான். மூலை பிறை நிலாவாகத் தெறித்துத் தரையில் விழுந்தது.

மனைவி அழவில்லை, திட்டவில்லை. அந்தத் துண்டை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "அப்பா செஞ்சப்போ ஒரு கீறல்கூட விழல" என்று மெல்லச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இது நெஞ்சில் போய்க் குத்தியது. தலைகுனிந்து கண்ணாடிக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் கடைக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றினார். பின்னாலேயே மாமனார், கையில் பையோடு.

"மாமா, மன்னிச்சுடுங்க. உங்க கைவேலையை நான் கெடுத்துட்டேன்" என்றார் கணக்கர். இத்தனை வருஷத்தில் புள்ளி வைக்காமல் அவர் ஒப்புக்கொண்ட முதல் தப்புக் கணக்கு அது.

மாமனாரின் பார்வை கடைக்காரர் மேல் இருந்தது. கண்ணால் ஏதோ சாடை காட்டினார். கடைக்காரருக்கா அதெல்லாம் பிடிபடும்? குனிந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தார், முகம் மலர்ந்து போயிற்று.

"அட, நம்ம கடைச் சரக்கு! உங்கப்பா வாங்கிட்டுப் போனப்போ இது நல்ல சதுரம்மா. சட்டத்துல ஏறலைன்னு சுத்தியலால தட்டித் தட்டி நாலு மூலையும் போய், நான்தான் வெட்டி எட்டாக்கிக் கொடுத்தேன். இப்ப மாப்பிள்ளையும் தட்டிட்டார், பதினாறாக்கிடலாமா?"

போய்வாங்க கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு எத்தனை மூலை இருந்தாலும், அதில் தெரிகிற முகமெல்லாம் சிரித்த முகமாகவே இருக்கட்டும்.