என்னைக் காப்பாற்றிய விவகாரம்

பசியாவரம்,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி ஆதிகேசவனுக்கு அக்கா கஸ்தூரி எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் மாமா, கோழிகள் எல்லோரும் சுகம். அங்கு நீயும் ஜமுனாவும் சுகமாயிருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக்கொண்டு வந்து என்னைச் சென்னைக்கு அழைத்துப் போகப் போவதாக மாமாவிடம் போனில் சொன்னாயாம். வராதே.

நான் ஏரியில் விழுந்து சாகப் போனேன் என்று அவர் சொன்னது சுத்தப் பொய். போனில் விளக்கினால் பக்கத்தில் நின்று அவரும் பேசுவார், அதனால்தான் கடிதம். வாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டாலும் எழுதுகிற கை நன்றாகத்தான் இருக்கிறது.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற வைஷ்ணவி என்ன சொன்னாள்? "நடங்கம்மா, முடிஞ்ச வேலைய செய்யுங்க, உக்காந்தே இருந்தா கால் மறந்துடும்." உன் மாமாவும் பெரிதாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார். எழுந்தால் "குந்து." தண்ணீர் மொள்ளப் போனால் "குந்து." தெருவில் இறங்கினால் பக்கத்து வீட்டு எல்லம்மா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள். "இன்னாத்துக்குக்கா நடக்கற? குந்து, டீ குடிச்சிட்டு போ." மணலில் கால் புதைகிறது, காயப்போட்ட வலை காலைச் சுற்றுகிறது, நாய் குறுக்கே வருகிறது, அதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம், இவர்கள் அன்பைத்தான் சமாளிக்க முடியவில்லை. விழுந்துவிடுவேனோ என்று எனக்கும் பயம்தான். உட்கார்ந்தே கிடப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

அப்புறம்தான் யோசித்தேன், தண்ணீருக்குள் விழுந்தால் எங்கே அடிபடும்? எல்லோரும் குந்து குந்து என்கிறார்களே என்று சனிக்கிழமை காலையில் கோலை ஊன்றிக்கொண்டு போய் ஏரியில் குந்தினேன். கழுத்து வரை தண்ணீர். வராத காலும் லேசாக மிதந்துகொண்டே கூட வந்தது தம்பி! வலது கையால் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்தேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

தப்பு நடந்தது பறியில். நம் ஊர்ப் பெண்கள் இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் ஏரியில் தடவுவார்கள், உனக்குத் தெரியும். எனக்கு வாய் ஒரு பக்கம் இன்னும் தொங்குகிறது, கடித்தால் நழுவுகிறது. அதனால் இடுப்பில் கட்டிக்கொண்டேன். கரையிலிருந்து பார்த்த எல்லம்மாவுக்குப் பறியில்லாத ஒரு தலை மட்டும் தெரிந்தது. இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தானே!

"ஐயோ, கஸ்தூரிக்கா முழுவுது!" என்று கத்தினாள். உன் மாமாவும் இன்னும் நாலு பேரும் படகில் வந்து என் அக்குளைப் பிடித்து இழுத்தார்கள். "வுடுய்யா, இறா கொட்டுது!" என்று நான் கத்தக் கத்த இன்னும் வேகமாக இழுத்தார்கள். பறி கவிழ்ந்து, ஒற்றைக் கையால் பிடித்த அத்தனை இறாலும் ஏரிக்கே போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாகத் துணிந்தவள் அழுகிறாளே என்று அவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

உன் வீட்டுக்கு வந்து என்ன செய்வேன்? லிஃப்ட், சோபா, டிவி. வாதம் பாதி உடம்பைத்தான் எடுத்தது, மீதியை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள், அது எனக்கு வேண்டும். நான் மறுபடியும் ஏரியில் இறங்கத்தான் போகிறேன். எவன் துணையும் வேண்டாம்.

ஜமுனாவுக்கு என் ஆசி. எல்லோரும் கைகால் ஓயாமல் நெடுங்காலம் வாழுங்கள்.

இப்படிக்கு,
யார் சொன்னாலும் கேட்காத அக்கா,
கஸ்தூரி

பி.கு.: இதை உன் மாமா எடுத்துப் படித்துவிட்டார். கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு, "நாளைக்கு நானே கைய புடிச்சி இட்டுனு போறேன்" என்று எழுந்தார், நிமிர முடியவில்லை. அன்றைக்கு என்னைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதை இத்தனை நாளும் மறைத்திருக்கிறார். ஆகவே வராதே என்று எழுதியதை அடித்துவிட்டு வா. கார் வேண்டாம், லுங்கி எடுத்து வா. கரைச் சேற்றைத் தாண்ட எனக்கு ஒரு ஆள் வேண்டும்தான். தூக்காதே. கை கொடு, போதும்.