அசையாமல் நின்ற வால்நட்சத்திரம்

கோட்டாறு,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி ததேயுசுக்கு அக்கா செசிலி எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நானும் உன் அத்தானும் சுகம். உனக்காகவும் உன் மனைவி ரெஜிலாவுக்காகவும் தினமும் செபம் சொல்கிறோம். மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய தொலைநோக்கியும் கேமராவும் வீண் போகவில்லை. லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் பிரபின் கையில் கொடுத்தனுப்பும் இந்தச் சட்டம் போட்ட படம், நானே எடுத்து, பல படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நானே தேற்றிய வால்நட்சத்திரம். வருகிற சனிக்கிழமை வானியல் மன்றக் கண்காட்சியில் இதை வாசலிலேயே என் பெயர் போட்டு மாட்டுகிறார்கள். முப்பத்து நான்கு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தேன். படத்தில் நோயாளி பெயர் இருக்கும், டாக்டர் பெயர் இருக்கும், என் பெயர் இருந்ததே இல்லை. இப்போதுதான் முதல் தடவையாக வருகிறது. சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

மன்றச் செயலாளர் ராஜகுமார் சார், சுசீந்திரத்துக்காரர், ஆரம்பத்திலேயே பயமுறுத்தினார். "மேடம், இது எக்ஸ்ரே இல்ல பாத்துக்கிடுங்க. மூச்ச அடக்கி நில்லுன்னு சொன்னா நிக்காது. நட்சத்திரம் ஒரு பக்கம் போவும், வால்நட்சத்திரம் இன்னொரு பக்கம் போவும். நட்சத்திரத்த வச்சு அடுக்குனா வாலு கலங்கும், வால வச்சு அடுக்குனா நட்சத்திரம் கோடாவும்." நான் அசரவில்லை. இருட்டுப் படம் பார்த்தே நரைத்த தலை இது. ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் உறையில் ஒருநாளும் போட்டதில்லை, உனக்கே தெரியும்.

விடியற்காலையில் உன் அத்தான் ஸ்கூட்டரில் வட்டக்கோட்டைக் கடற்கரைக்குப் போனோம், மணலில் முக்காலி ஒரு பக்கம் இறங்கியது, நடக்க வந்த ஒருவர் டார்ச்சை நேராகக் கேமராவில் அடித்தார், அத்தான் சரியாகப் படம் விழும் நேரத்தில் தும்மினார், எல்லோரையும் மூச்சை அடக்கச் சொல்லி நாற்பது படம் எடுத்தேன், அப்புறம் லென்ஸ் மூடியைப் போட்டு நாற்பது படம் எடுத்தேன், ஏனென்றால் கேமராவின் சொந்தக் கறை அதில் விழும், அதை நல்ல படத்திலிருந்து கழிக்க வேண்டும், இரண்டையும் 'வால்', 'மூடி' என்று தனித்தனி ஃபோல்டரில் போட்டேன், வீட்டுக்கு வந்து கழித்துப் பார்த்தால் படமே கறுத்துப் போய்விட்டது. கழிக்காமல் விட்டேன், வந்துவிட்டது. நம் கேமராவில் கறையே இல்லை, ததேயுஸ்.

அதிசயம் இனிமேல்தான். நாற்பது படத்திலும் வால்நட்சத்திரம் வலது மூலையில் நின்ற இடத்தில் நிற்கிறது. நட்சத்திரங்களும் அசையவில்லை. அடுக்கி முடித்த படத்தை ராஜகுமார் சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இது எப்பிடி மேடம்? எங்களுக்கெல்லாம் கோடுகோடாப் போவுதே."

"நிக்க வைக்கத் தெரியணும் சார்," என்றேன்.

"ஒரிஜினல் படங்களயும் கொண்டாங்க. நாங்களும் படிச்சுக்கிடுதோம்."

நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். படத்தை உன் வீட்டுக் கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டு. கோட்டாறு சவேரியார் உங்கள் இருவரையும் கையோடு வைத்துக் காப்பாராக.

அன்புடன்
அக்கா செசிலி

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். ராஜகுமார் சாருக்காக ஒரிஜினலைத் திறந்தபோதுதான் பார்த்தேன், நான் தேற்றியது 'மூடி' ஃபோல்டரை. அந்த வால், கேமரா சூடாகி மூலையில் விழுந்த வெளிச்சம். நட்சத்திரங்கள் கேமராவின் பழுதுப் புள்ளிகள். பிறகு எப்படி அசையும்? வெட்கத்தில், அத்தான் எட்டிப் பார்க்குமுன் திரையை அணைத்தேன். அப்புறம் 'வால்' ஃபோல்டரைத் திறந்தேன். அங்கே இருந்தது, சின்னதாக, இளம்பச்சையாக, படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டு. பார்த்ததும் அழுதுவிட்டேன். சாருக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொன்னேன். "சனிக்கிழமைக்குள்ள முடியுமா மேடம்?" என்றார். முடியும் என்று சொல்லியிருக்கிறேன். சட்டம் போட்ட படம் ஏற்கெனவே பிரபின் பெட்டிக்குள் போய்விட்டது; நீ சட்டத்தை வைத்துக்கொள், படத்தை மட்டும் கழற்றிவிடு. உறை மாற்றிப் போட்டதே இல்லை என்றேனே, என் முப்பத்து நான்கு வருஷத்து அந்தக் கணக்கில் இதைச் சேர்க்காதே. மூடி நோயாளி இல்லை.